லாமாக் கொழுப்பு

— இல்லண்ணே, நீங்க என்ன சொன்னாலும் சரி, கம்ப்யூட்டர்லருந்து வறுவல் வாசம் வரக் கூடாது. பதினோரு வருசமா இந்தக் கடையில உக்காந்திருக்கேன். கருகின வாசம் வரும், ப்ளாஸ்டிக் வாசம் வரும், ஒரு தடவ செத்த எலி வாசம்கூட வந்துச்சு. வறுவல் வாசம் இதான் முதல் தடவ.

— வாசத்த விடு தாயி எலோதியா. போட்டா பத்து நிமிசம் ஓடுது, பொட்டுன்னு அணைஞ்சிருது. மறுபடி போட்டா அஞ்சு நிமிசம். அப்புறம் மூணு. மூணு மணிக்கு எனக்கு மெடிக்கல் போர்டு இருக்கு. லா பாஸ்லருந்து டாக்டர் இந்தப் பொட்டி வழியாத்தான் பேசுவாரு. இப்ப மணி என்ன?

— ஒண்ணே முக்கால்.

— பண்ணிருவியா?

— மொதல்ல மூடியத் தெறக்க விடுங்க குமெர்சிந்தோ அண்ணே. ஏன், போன்ல பேசக் கூடாதாமா?

— போன் செத்துப்போச்சு. கார்னிவல் ஞாயித்துக்கிழமை எதிர்வீட்டுப் பொண்ணுங்க மாடியிலருந்து ஒரு வாளித் தண்ணிய தலையோட ஊத்திருச்சுங்க. சட்டைப் பையில போன். ஈரம் இழுக்கட்டும்னு அரிசிக்குள்ள பொதச்சு வெச்சேன். நிக்கோலாசா அந்த அரிசியத் தூக்கி ஒலையில போட்டுட்டா.

— போனோடயா?

— போன எடுத்துட்டுத்தான். என் பொண்டாட்டி அந்த அளவுக்குப் போகல.

— அப்ப என் போன்ல பேசிருங்க.

— அழைப்பு மெயில்ல வந்திருக்கு. மெயில் இந்தப் பொட்டிக்குள்ள மட்டுந்தான் தெறக்கும். பாஸ்வேர்ட் பையனுக்குத்தான் தெரியும். அவன் இப்ப சிக்னல் கிடைக்காத எடத்துல இருக்கான்.

— கொடுத்து வெச்சவன். கார்னிவல் முடிஞ்சும் ஊர் சுத்துறானா?

— நீ மூடியத் தெற தாயி.

— தெறந்தாச்சு. அட சாமி! என்னண்ணே இது? வண்ணக் காகிதம். கோகா இலை. இது... இது சீனி மிட்டாயா?

— செவ்வாக்கிழமை சால்லாப் படையல் இல்லையா. வீட்டுக்குப் படைச்சோம், அடுப்புக்குப் படைச்சோம், நிக்கோலாசாவோட தையல் மெஷினுக்குப் படைச்சோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? இதுவுந்தான் வீட்டுக்கு உழைக்குது.

— வெளியில தெளிக்கணும் அண்ணே. பொட்டிக்கு மேலாப்புல ரெண்டு சொட்டு, நாலு காகிதத் துணுக்கு, ஒரு கும்பிடு. ஊரே அப்படித்தான் பண்ணுது. நானும் என் கடைக்கு அப்படித்தான் பண்ணேன்.

— நம்ம சுரங்கத் தொழில்ல அப்படி இல்ல. மலைக்கு வாசல்ல நின்னு குடுத்துட்டுத் திரும்பினா மலை சிரிக்கும். உள்ள போயிக் குடுக்கணும்.

— உள்ள பியர் எதுவும் ஊத்தலையே?

— கரண்டு சாமான்ல எவனாவது பியர் ஊத்துவானா? என்னைய என்ன முட்டாப்பயன்னு நெனச்சியா?

— இன்னும் முடிவு பண்ணல. இருங்க. இந்த ஃபேனுக்கு அடியில பளபளன்னு என்னமோ வழிஞ்சிருக்கு. நாலு திருகையும் கழட்டுறேன். ஒண்ணு... குறுக்க ரெண்டு... மூணு... நாலு. இப்ப ஹீட் சிங்க்கத் தூக்குறேன். ராசா.

— என்ன?

— ப்ராசஸர் மேல என்னத்தத் தடவினீங்க?

— நீ தடவினதத்தான்.

— நான் தடவினது தெர்மல் பேஸ்ட். போன வருசம், இதே பலகை மேல, உங்க கண்ணு முன்னாடி தடவினேன். இது அது இல்ல ராசா.

— வெள்ளையா, மெத்துனு, நடுவுல ஒரு பொட்டு. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்? நீ வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்துக்கிட்டே வெச்ச.

— திருகு எண்ணிக்கிட்டிருந்தேன்!

— அது எனக்கு எப்படித் தெரியும்? லாமாக் கொழுப்பு வெச்சு மந்திரம் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டேன். சுரங்கத்துக்குள்ள காவல் தெய்வம் மாமன் செலைக்கு அதத்தான் தடவுறோம். பூமித்தாய்க்கு எரிக்கிற தட்டுலயும் அதத்தான் வெக்கிறோம். வருசம் ஒண்ணாச்சே, காஞ்சு போயிருக்கும், சால்லாவுக்குப் புதுசா வெச்சிருவோம்னு பழசச் சொரண்டி எடுத்துட்டு...

— லாமாக் கொழுப்பத் தடவிட்டீங்க.

— நல்லா மேஞ்ச லாமாவோட கொழுப்பு தாயி. மூலிகைக்காரி கடையில நானே பாத்து வாங்கினேன். கலப்படமே இல்ல.

— வாசத்துலயே தெரியுது. நம்ம ஊர் இருக்குற இந்த மலை உயரத்துல தண்ணி எத்தன டிகிரியில கொதிக்கும் தெரியுமா? எம்பத்தாறு. இந்த ப்ராசஸர் தொண்ணூத்தஞ்சத் தாண்டினதும் பயந்துபோயித் தானா அணைஞ்சுக்குது. ஒரு கோழிக்கால உள்ள வெச்சிருந்தீங்கன்னா மூணு மணிக்கு டாக்டருக்கும் ஒரு தட்டு குடுத்திருக்கலாம்.

— சிரிக்காத. சரியாகுமா?

— ஆகும். நல்ல வேளையா அது தானே அணைஞ்சுக்கிட்டிருக்கு. கொழுப்பு உருகி ஓரத்துல எறங்கியிருக்கு, ப்ராசஸரோட ஊசிக்கால் பக்கம் போகல. தொடச்சிட்டுப் புதுப் பேஸ்ட் வெச்சா ஓடும். அந்தச் சாராயப் புட்டிய எடுங்க, உங்க பின்னாடி அலமாரியில.

— இது காலி.

— காலியா? அட, ஆமா. செவ்வாக்கிழமை கடைக்குத் தெளிச்சேன். அப்புறம் பக்கத்துக் கடைக்காரி வந்தா, அவளுக்குத் தெளிச்சேன். அப்புறம் நாங்க ரெண்டு பேரும்... சரி, அத விடுங்க. இப்ப சுத்தம் பண்ண என்ன பண்றது? எல்லாக் கடையும் சாத்திக் கெடக்கு, இன்னும் எவனுக்கும் போதை தெளியல.

— இந்தா.

— என்ன இது? சட்டைப் பையில சாராயம் வெச்சுக்கிட்டா மெடிக்கல் போர்டுக்கு வந்தீங்க?

— தொண்ணூத்தாறு டிகிரி. சுத்தச் சரக்கு. சுரங்கத்துக்காரன் பையில இது இல்லன்னா அவன் அம்மணமா நிக்கிறதுக்குச் சமம்.

— நல்லதாப் போச்சு. இதுல தொடச்சா ஒரு பொட்டுக் கொழுப்பு மிஞ்சாது. இந்தக் காப்பி வடிகட்டுற தாளக் கிழிச்சுக் குடுங்க. பஞ்சு வேணாம், நார் ஒட்டிக்கும். ம், பாருங்க, எப்படிக் கழண்டு வருது. இந்தச் சரக்கக் குடிச்ச உங்க ஈரல் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன்.

— ஈரல் பளபளன்னு இருக்கும். நுரையீரல்தான் பேச்சு கேக்காது.

— அதுக்குத்தான போர்டு? எனக்குத் தெரியும்ணே. எங்கப்பாவும் இதே போர்டுக்குத்தான் போனாரு. நீங்கதான் அவர் சவப்பெட்டிய ஒரு பக்கம் தூக்கிட்டு வந்தீங்க, ஞாபகம் இருக்கா?

— முன்பக்கம், எடது தோள். கனமே இல்ல உங்கப்பன். அம்பது கிலோகூட வரமாட்டான். எனக்குப் பாறையில துளை போடக் கத்துக் குடுத்தப்ப எருதுமாதிரி இருந்த மனுசன்.

— அம்பது சதம் நுரையீரல் போயிருக்கணும், அப்பத்தான் பென்ஷன்னாங்க. அவருக்கு நாப்பத்தொன்பதுன்னு எழுதினாங்க. ஒரு சதத்துக்காக அவர மறுபடி உள்ள அனுப்பினாங்க. அதனால சொல்றேன், கவனமாக் கேளுங்க. டாக்டர் வந்ததும் ஒடனே பேசக் கூடாது. மொதல்ல இருமணும். எங்க, இருமிக் காட்டுங்க.

— இப்ப இருமல் வரல.

— வரலையா? ஆறு மாசமா நீங்க சந்தைக்கு வந்தா மூணு தெருவுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும். இன்னைக்குன்னு பாத்து வரலையா?

— காலையில யூகலிப்டஸ் தழையப் போட்டு ஆவி பிடிச்சேன். தேனும் குடிச்சேன்.

— இன்னைக்கா? உங்களுக்கு அறிவிருக்கா அண்ணே? நிமிருங்க, மூஞ்சியக் காட்டுங்க. சவரம் பண்ணியிருக்கீங்க! தலைக்கு மை அடிச்சிருக்கீங்க! கல்யாணத்துக்குப் போட்ட கோட்டா அது?

— நிக்கோலாசா தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது. டாக்டர் முன்னாடி மரியாதையா இருக்கணும்ல.

— மரியாதையா இல்ல, மரணப் படுக்கையில இருக்குறமாதிரி இருக்கணும்! எங்கப்பாவும் இப்படித்தான் சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டுப் போனாரு. கன்னம் ஒட்டித் தெரியணும். சாக்குத் துணிமாதிரி ஒரு போர்வையச் சுத்திக்கிட்டு வந்திருக்கணும். மாடிப்படி ஏறி வந்தீங்களே, அப்பக்கூட மூச்சு வாங்கலையே?

— கீழயே கால் மணி நேரம் நின்னு ஆத்திக்கிட்டு, நாலு படிக்கு ஒரு தடவ நின்னு நின்னு ஏறினேன்.

— கடவுளே! மூச்சு வாங்குறதுக்குத்தான் பென்ஷனே!

— அத நான் பாத்துக்குறேன் தாயி. நீ பேஸ்ட்டப் பாரு.

— பாக்குறேன், பாக்குறேன். இப்ப பாருங்க, ப்ராசஸர் முகம் கண்ணாடிமாதிரி ஆயிருச்சு. ஹீட் சிங்க்கு அடியும் அப்படித்தான். தொட்டுப் பாக்காதீங்க.

— ரெண்டும் இவ்வளவு வழவழன்னு இருக்கே. அப்படியே ஒண்ணு மேல ஒண்ண வெச்சா என்ன? நடுவுல பசை எதுக்கு?

— கண்ணுக்குத்தான் வழவழ. பூதக்கண்ணாடியில பாத்தா ரெண்டும் மேடு பள்ளம். பள்ளத்துல காத்து நிக்கும். காத்து சூட்டக் கடத்தாது, பிடிச்சு வெச்சுக்கும். அந்தக் காத்த வெளிய தள்ளத்தான் பேஸ்ட்டு.

— அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்குமே. வெடிக்குழிக்கு மண் அடைக்கிற கதை.

— அது என்ன கதை?

— குழியில வெடிய வெச்சு, வாயில களிமண்ண அடைப்போம். நடுவுல துளி காத்து நின்னாலும் வெடி பாறையப் பொளக்காது, வந்த வழியே நம்ம மூஞ்சியில திரும்பும். இடுக்கு இல்லாம அடைக்கணும். உங்கப்பன்தான் சொல்லிக் குடுத்தான்.

— எனக்கு அந்தாளு எதையும் சொல்லிக் குடுக்கல. சுரங்கத்துப் பக்கம் தலையக் காட்டினா கால ஒடிப்பேன்னு மட்டும் சொன்னாரு. சரி, நகருங்க, வெளிச்சம் விழட்டும். இதான் கடைசிச் சிரிஞ்சு. ஒரு தடவைக்குத்தான் இருக்கு. வெக்கிறேன்... அவ்வளவுதான்.

— இவ்வளவுதானா? பட்டாணி அளவுகூட இல்ல.

— பட்டாணி அளவு போதும். மேல ஹீட் சிங்க்க வெச்சு அழுத்தினா அதுவே நாலு பக்கமும் பரவும். நெறைய வெச்சா அது கம்பளிமாதிரி ஆயிரும், சூடு உள்ளயே நிக்கும். திருப்புளிய எடுத்துக்கிறேன், ஒரு நிமிசம்.

— ஓரமெல்லாம் வெறுமையா இருக்கே தாயி. நம்ம தொழில்ல இப்படி விட மாட்டோம்.

— அந்தப் பெரிய திருப்புளி இல்ல, சின்னது எங்க வெச்சேன்... அண்ணே! என்ன பண்றீங்க?

— ஒண்ணுமில்ல. லேசா அமுக்கி விட்டேன்.

— கட்டைவிரலாலயா!

— நடுவுல காத்து நிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன.

— பாதி பேஸ்ட்டு உங்க விரல்ல இருக்கு ராசா! மீதியில உங்க விரல் ரேகை இருக்கு! அந்த நகத்தப் பாருங்க, இருபத்தாறு வருசத்து மலை அதுக்குள்ள இருக்கு. மணல் விழுந்திருக்கும், ஒரு மணல் கிடந்தாலும் ஹீட் சிங்க்கு சரியா உக்காராது. கையெடுங்க! கோட்டுல தொடைக்காதீங்க!

— தொடச்சிட்டேன்.

— அந்த நாற்காலியில உக்காருங்க. கைய ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சுக்கங்க. உக்காருங்கன்னேன்.

— உக்காந்துட்டேன். மணி என்ன?

— ரெண்டு இருபது. மறுபடி மொதல்லருந்து தொடைக்கணும். உங்க புட்டிய இந்தப் பக்கம் தள்ளுங்க.

— பேஸ்ட்டு தீந்துபோச்சுன்னியே.

— தீந்துதான் போச்சு.

— எலோதியா, தாயி. இன்னைய விட்டா இந்தப் போர்டு மறுபடி ஆகஸ்டுலதான். எனக்கு ஆகஸ்டு வரைக்கும் முடியாது. பெருமைக்குச் சொல்லல. முடியாது. என்னமாவது பண்ணு. பல்லு வெளக்குற பேஸ்ட்ட வெச்சுப் பாப்போமா?

— கொழுப்புக்கு அடுத்தது பல்பசையா? அது அரை மணி நேரத்துல காஞ்சு பொடியாயிரும். டாக்டர் பாதியில போயிருவாரு.

— உன்னோட கம்ப்யூட்டர்ல இதோட டிஸ்க்கத் தூக்கிப் போடுவியே?

— அதோட பவர் சப்ளைய நேத்துத்தான் கழட்டி இன்னொருத்தருக்குப் போட்டேன். பதறாதீங்க. பிளேடு இருக்கு. சிரிஞ்சு தீந்துபோச்சுங்கிறது ரெண்டு வகை. தள்ளுனா வராம தீந்துபோறது ஒண்ணு. அறுத்துப் பாத்தாலும் இல்லாம தீந்துபோறது ஒண்ணு. இந்தா, நெடுக்க அறுக்குறேன். பாருங்க, செவுத்துல ஒட்டிக்கிட்டு, மூக்குக்குள்ள அடைஞ்சுக்கிட்டு... வழிக்கிறேன்.

— வருதா?

— வருது. சட்டியில ஒட்டின கடைசிக் கஞ்சிய வழிக்கிறமாதிரி வருது. பேசாதீங்க. மூச்சு விடாதீங்க.

— மூச்சு விடாம இருக்கத்தான் காலையிலருந்து பாடுபடுறேன்.

— இருக்கு. பட்டாணி இல்ல, அரைப் பட்டாணி. சின்ன ப்ராசஸர்தான், போதும். வெச்சாச்சு. ஹீட் சிங்க்கு மேல... நேரா... உக்காந்துச்சு. ஒண்ணு... குறுக்க ரெண்டு... மூணு... நாலு. மறுபடி ஒவ்வொண்ணாக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்குறேன்.

— இப்பவும் முணுமுணுக்குற.

— எண்ணுறேன்! எழுதி வெச்சு ஒட்டவா, எலோதியா எண்ணுகிறாள், மந்திரம் சொல்லவில்லைன்னு? ஃபேன் வயர மாட்டியாச்சு. உள்ள கெடந்த காகிதம், இலை எல்லாத்தையும் ஊதி எடுத்தாச்சு. இந்தச் சீனி மிட்டாய நீங்களே வெச்சுக்கங்க.

— பூமித்தாய்க்குக் குடுத்தத நான் எப்படித் திங்கிறது?

— அப்ப சன்னல்ல வைங்க, அவளே வந்து எடுத்துக்கட்டும். பட்டனத் தட்டுறேன். ம். சுத்துது. சூடு பாக்குறேன்... நாப்பத்தி நாலு. நாப்பத்தொன்பது. அம்பத்தி ரெண்டு. நிக்குதா? நிக்குது! அம்பத்தி ரெண்டுலயே நிக்குது அண்ணே!

— அது நல்லதா?

— இந்த ஊர்க் காத்துல அது கல்யாணச் சாப்பாடு. பாதிக் காத்துதானே இருக்கு இங்க, ஃபேனு என்னத்தத் தள்ளும் பாவம். அப்படியும் அம்பத்தி ரெண்டு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக நேரமில்ல, இங்கயே உக்காந்து பேசுங்க. கேமராவ மாட்டுறேன். கதவச் சாத்துறேன். அந்தக் கோட்டக் கழட்டுங்க.

— வேணாம்.

— பேஸ்ட்டுக் கறை வேற இருக்கு, கழட்டுங்க. தலையக் கலைச்சு விடுறேன், இந்தப் பக்கம் வாங்க.

— தாயி, கைய எடு. நான் இப்படியேதான் பேசுவேன்.

— இப்படிப் புது மாப்பிள்ளமாதிரி உக்காந்தா நாப்பத்தொன்பதுகூடத் தர மாட்டாங்க! நிக்கோலாசா அக்கா உங்கள இப்படியா அனுப்பி வெச்சா?

— அவளுக்குத் தெரியாது. சந்தைக்குப் போயிருக்கா. நீயும் அவகிட்ட எதுவும் சொல்லக் கூடாது. மாமன் மேல சத்தியம் பண்ணு.

— எதைச் சொல்லக் கூடாது?

— மணி அடிக்குது பாரு. எத அமுக்கணும்?

— பச்சைய. இந்தப் பச்சைய.

— வணக்கம். திரு. குமெர்சிந்தோ யாபுராவா? நான் லா பாஸ்லருந்து, போர்டு டாக்டர் பேசுறேன். கேக்குதுங்களா?

— நல்லாக் கேக்குது டாக்டர். வணக்கம்.

— உங்க ஃபைல் கையில இருக்கு. வயசு நாப்பத்தி நாலு. இருபத்தாறு வருசம் துளை போடுற வேலை. போன வருசம் இதே போர்டு உங்களுக்கு நுரையீரல் அறுபத்தோரு சதம் போயிருச்சுன்னு எழுதி, சுரங்கத்துக்குள்ள எறங்கவே கூடாதுன்னு தடை போட்டிருக்கு. பென்ஷனும் ஒதுக்கியிருக்கு. சரிதானே?

— சரிதான் டாக்டர்.

— அண்ணே? உங்களுக்குத்தான் ஏற்கெனவே பென்ஷன்...

— சும்மா இரு தாயி.

— இப்ப பென்ஷன் வேணாம், தடைய எடுங்கன்னு நீங்களே மனுப் போட்டிருக்கீங்க. இருபது வருசமா போர்டுல இருக்கேன், இப்படி ஒரு மனு நான் பாத்ததில்ல. இந்தச் சுரங்கத் தூசு நோய் குணமாகாதுங்க.

— என்னையப் பாருங்க டாக்டர். எழுந்திரிச்சு நிக்கிறேன். இருமுறேனா? மூச்சு வாங்குதா? ரெண்டு மாடி ஏறித்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

— நல்லாத்தான் தெரியுறீங்க. ஆனா எக்ஸ்ரே படம் பொய் சொல்லாது. மறுபடி உள்ள போனா உங்களுக்கு ரெண்டு வருசந்தான். அதுவும் அதிகம். தெரிஞ்சும் எதுக்குக் கேக்குறீங்க?

— பென்ஷன்ல அஞ்சு வயிறு நெறயல டாக்டர். சுரங்கக் கூட்டுறவுச் சங்கத்துல எங்க குடும்பத்துக்கு ஒரே ஒரு எடந்தான். காலேஜ விட்டுட்டு என் மகன் அதுல எறங்கிட்டான். நான் எறங்குனாத்தான் அவன் மேல வருவான்.